எலுமிச்சைக்கு உறவுக்காரி

நர்ஸரியில் காமினி என்று கேட்டால் பளபளவென்று கரும்பச்சை இலையோடு ஒரு செடியை எடுத்துக் கொடுப்பார்கள். காட்டுக் கறிவேப்பிலை என்று சொல்பவர்களும் உண்டு. அந்தப் பேரை நம்பி ரசத்தில் கிள்ளிப் போட்டுவிடாதீர்கள்! ஆனாலும் உறவு நிஜம்தான். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் எல்லாம் இதோடு ஒரே குடும்பம்.

இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தின மாதிரி புள்ளி புள்ளியாகத் தெரியும். அத்தனையும் எண்ணெய்ப் பைகள். எலுமிச்சை இலையிலும் இதே கதைதான். கறிவேப்பிலை ஈர்க்கில் பதினொன்று, பதினைந்து என்று இலைகள் வரிசையாக இருக்கும். காமினியில் மூன்றிலிருந்து ஒன்பது வரைதான். பழமும் வேறே. கறிவேப்பிலைக்குக் கறுப்பு, இதற்கு ஆரஞ்சு கலந்த சிவப்பு.

பூ வெள்ளை. ஐந்து இதழும் பின்பக்கமாக வளைந்திருக்கும், நடுவில் பத்து மகரந்தக் காம்புகள். நல்ல மழை பெய்து ஓய்ந்தால் மரமே வெள்ளையாகிவிடும். வருஷத்தில் பலமுறை பூக்கும். இதழ்கள் சீக்கிரமே உதிர்ந்துவிடுவதால் சரம் தொடுக்க லாயக்கில்லை. இங்கிலீஷில் 'ஆரஞ்ச் ஜாஸ்மின்' என்கிறார்கள். மல்லிகைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. வாசனையை வைத்துச் சொன்ன பேர்.

இதன் தாவரவியல் பேர் முர்ராயா. 1768-ல் தரங்கம்பாடிக்கு வந்த டாக்டர் கோனிக்குக்கு இதில் பங்குண்டு. நம் கறிவேப்பிலையின் தாவரவியல் பேரில் ஒட்டிக்கொண்டிருப்பதும் இவர் பேர்தான்!

தொட்டியிலும் வளரும், கத்தரித்து வேலியாகவும் விடலாம், சும்மா விட்டால் சிறு மரமாகும். எல்லாம் சரி, வீட்டில் காய்க்கிற எலுமிச்சை இருக்கிறதா? அப்படியானால் கொஞ்சம் யோசியுங்கள். எலுமிச்சைத் தளிரை உறிஞ்சுகிற ஒரு குட்டிப் பூச்சிக்கு, காமினித் தளிர் என்றால் கொள்ளைப் பிரியம். மூன்று நாலு மில்லிமீட்டர்தான் இருக்கும், பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்திருக்கும். இங்கே பெருகி, பக்கத்து எலுமிச்சைக்குப் பறக்கும். அது கொண்டுவருகிற பச்சை நோய் பிடித்தால் இலை திட்டுத்திட்டாக மஞ்சளாகும், காய் கோணலாகச் சிறுத்துப் போகும். மருந்தே கிடையாது. அமெரிக்காவில் ஃப்ளோரிடாவின் ஆரஞ்சுத் தோட்டங்களில் 2005-ல் இந்த நோய் தெரியவந்தது. அதற்கப்புறம் அங்கே விளைச்சல் பாதாளத்துக்குப் போய்விட்டது.

ஆகவே எலுமிச்சை வைத்திருப்பவர்கள் காமினியை வாங்காமலிருப்பதே உத்தமம். ஏற்கெனவே இருந்தால், புதுத் தளிர் விடும்போதெல்லாம் இலையைத் திருப்பிப் பாருங்கள். தளிர் சுருண்டு, வெள்ளை மெழுகு நூல் மாதிரி தெரிந்தால் அந்த நுனியைக் கிள்ளிச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். கறிவேப்பிலைத் தளிரையும் ஒரு பார்வை பாருங்கள், அதையும் இந்தப் பூச்சி விடாது.