தலையெழுத்தைப் பார்த்து கிடார் வாங்காதீங்க!

போன வாரம் நம்ம பதிவுலக நண்பர் ஒருத்தர் ஒரு யோசனை கேட்டிருந்தார். கையில 30 ஆயிரம் ரூபாய் இருக்கு, ஸ்ட்ராட்டோகாஸ்டர் எலெக்ட்ரிக் கிடார் வாங்கணும், அதுல ஏகப்பட்ட வெர்ஷன் இருக்கே, எதை வாங்கலாம்னு. நியாயமான கேள்வி. அதுக்கு வந்த பதில்களைப் படிச்சதுல இருந்து மனசு ஆறலை. ஆபீஸ்ல புடுங்க வேண்டிய ஆணியை எல்லாம் அப்படியே போட்டுட்டு இதை எழுதிட்டு இருக்கேன்.

வந்த பதில்களோட சாரம் இதுதான்: "அமெரிக்காவுல செஞ்சது வாங்கு. முடியலைன்னா மெக்ஸிகோ வரைக்கும் இறங்கலாம். தலையில ஸ்கொயர்னு எழுதியிருந்தா அது விளையாட்டு சாமான். அதுக்கு வாங்காமலே இருக்கலாம்."

இந்தக் கடைசி வரி இருக்கு பாருங்க, அதுதான் என்னைக் கிளப்பி விட்டது. ஏன்னு கீழே சொல்றேன். முதல்ல எங்க ஊர் கதை.

எங்க ஊர் ஆட்டையாம்பட்டி. பேரைச் சொன்னதும் வாயில முறுக்கு வந்திருக்குமே :) கைமுறுக்கு எங்க ஊர் அடையாளம். சுத்துப்பட்டுல எந்த பஸ் ஸ்டாண்டுக்குப் போனாலும் "ஆட்டையாம்பட்டி முறுக்கு"ன்னு ஒரு போர்டாவது கண்ணுல படும். ஆனா எங்க ஊர்க்காரன் எவனும் போர்டைப் பார்த்து முறுக்கு வாங்க மாட்டான். ஒண்ணை ஒடைச்சு வாயில போட்டுப் பார்ப்பான். மாவுப் பக்குவம், சுத்துன கை, எண்ணெய்ச் சூடு - முறுக்குன்னா இதுதான், போர்டு இல்லைன்னு அவனுக்குத் தெரியும். அதே ஆளு கிடார் வாங்கப் போனா மட்டும் தலையில என்ன எழுத்து இருக்குன்னு பார்த்து விழுந்து கும்புடறான். இது என்னங்க நியாயம்?

சரி, அந்தத் தலையெழுத்தோட ஜாதகத்தையும் கொஞ்சம் பார்த்துடுவோம்.

1954ல கலிஃபோர்னியாவுல ஃபுல்லர்ட்டன்ங்கற ஊர்ல லியோ ஃபெண்டர் இந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரைக் கொண்டு வந்தார். மனுஷன் ரேடியோ ரிப்பேர்க்காரர். அவருக்கு கிடார் வாசிக்கத் தெரியாது! ரிப்பேர்க்காரர் புத்திதான் அந்த கிடார் முழுக்க இருக்கு. நெக்கைப் பசை போட்டு ஒட்டாம 4 ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். பிக்கப், சுவிட்ச் எல்லாத்தையும் ஒரே தகட்டுல மாட்டினார். எது கெட்டாலும் கழட்டு, மாத்து, திரும்பப் பூட்டு. அதாவது இது கருவறையில வெச்சுக் கும்புடறதுக்குச் செஞ்ச சிலை இல்லை. கழட்டி மாட்டறதுக்குன்னே செஞ்ச சாமான்.

1965 ஜனவரியில கம்பெனியை சி.பி.எஸ். வாங்குச்சு, 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு. அதுக்கப்புறம் தரம் இறங்கிப் போச்சுன்னு இன்னைக்கும் பொலம்புவாங்க. 70கள்ல 4 ஸ்க்ரூவை 3 ஆக்கினாங்க, நெக் ஆடுதுன்னு திட்டு வாங்கினாங்க. நல்லா கவனிங்க மக்கா, இதெல்லாம் சுத்தமான அமெரிக்கத் தயாரிப்புதான்! 1982ல ஃபெண்டரோட சம்மதத்தோடயே ஜப்பான்ல செய்ய ஆரம்பிச்சாங்க. ஸ்கொயர்ங்கற பேர்ல கிடார் வந்தது அப்பத்தான். அந்த ஜப்பான் ஸ்கொயரை இன்னைக்கு ஆளுங்க தேடித் தேடி வாங்கறாங்க. 1985ல கம்பெனியில வேலை பார்த்தவங்களே பில் ஷுல்ட்ஸ் தலைமையில சி.பி.எஸ்.கிட்ட இருந்து வாங்கினாங்க. ஃபுல்லர்ட்டன் ஃபேக்டரி அந்தக் கணக்குல சேரலை. அதனால கொஞ்ச காலம் ஃபெண்டர் வித்ததுல பெரும்பகுதி ஜப்பான் சரக்குதான். அப்புறம்தான் கலிஃபோர்னியாவுல கொரோனா (பயப்படாதீங்க, ஊர் பேருதான்), 1987ல மெக்ஸிகோவுல என்செனாடா. இந்த ரெண்டு ஊருக்கும் இடையில கிட்டத்தட்ட சேலம் - சென்னை தூரம்தான். அந்த தூரத்துல எங்கயோ ஒரு இடத்துல 'ஒரிஜினல்' தொலைஞ்சு போயிடுதாம்!

இன்னொரு கூத்து. ஃபிங்கர்போர்டுக்குப் போடற ரோஸ்வுட் இருக்கே, 60களின் நடுவுலயே பிரேசில் மரத்துல இருந்து இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறிட்டாங்க. இந்திய ரோஸ்வுட்னா வேற ஒண்ணுமில்லை, நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில வளர்ற ஈட்டி மரம். ஈட்டிக்கு விசா குத்தினதும் தெய்வீகம் வந்துடுதுபோல.

சரி, பெரிய மனுஷங்க என்ன வெச்சு வாசிச்சாங்க?

1969ல வுட்ஸ்டாக்ல ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் கையில இருந்த வெள்ளை ஸ்ட்ராட், எல்லாரும் திட்டற அதே சி.பி.எஸ். காலத்துச் சரக்கு. எரிக் கிளாப்டனோட 'பிளாக்கி' ஒரு கிடாரே இல்லை. மூணு பழைய ஸ்ட்ராட்டைப் பிரிச்சு நல்ல பாகமா எடுத்துச் சேர்த்த கதம்பம். 2004ல 9,59,500 டாலருக்கு ஏலம் போச்சு. பிங்க் ஃப்ளாயிட் டேவிட் கில்மரோட கருப்பு ஸ்ட்ராட்டும் 1969 மாடல். நெக்கை மாத்தினார், பிக்கப்பை மாத்தினார், தகட்டை மாத்தினார். 2019 ஜூன்ல 39,75,000 டாலருக்கு ஏலத்துல போச்சு. 'ஒரிஜினல் பாகம்'னு உயிரை விடறவங்க இதுக்கு என்ன பதில் சொல்லுவாங்கன்னு தெரிஞ்சுக்க ஆசை.

'அப்ப எல்லா வெர்ஷனும் ஒண்ணா?'ன்னு கேட்டா, இல்லைங்க. வித்தியாசம் கண்டிப்பா இருக்கு. ஆனா அது தலையில இல்லை, கை படற இடத்துல இருக்கு.

நட்டுல இருந்து பிரிட்ஜ் வரைக்கும் கிட்டத்தட்ட எல்லா ஸ்ட்ராட்டுக்கும் அதே 25.5 அங்குல அளவுதான். மாறுறது என்னன்னா:

ஃபிங்கர்போர்டு வளைவு. பழைய மாடல்கள்லயும், 2022ல வந்த அமெரிக்கன் வின்டேஜ் 2லயும் 7.25 அங்குலம். கார்டு பிடிக்க சுகம், ஆனா மேல் ஃப்ரெட்டுகள்ல கம்பியை இழுத்து வளைச்சா சத்தம் செத்துப் போக வாய்ப்பு உண்டு. ஸ்கொயர் அஃபினிட்டி, கிளாசிக் வைப், மெக்ஸிகோ பிளேயர் 2, அமெரிக்கன் புரொஃபஷனல் 2 எல்லாமே 9.5 அங்குலம்தான்.

பிக்கப். 2023ல வந்த சோனிக்லயும், அஃபினிட்டியிலயும் செராமிக் காந்தம். கிளாசிக் வைப்புக்கு மேல ஆல்னிகோ. செராமிக் கொஞ்சம் கறாரா, கூர்மையா கேக்கும். பிடிக்கலையா, பின்னாடி சால்டரிங் அயர்ன் எடுத்து மாத்திக்கலாம். ரேடியோ ரிப்பேர்க்காரர் அதுக்குத்தான் வழி பண்ணி வெச்சிருக்காரே.

ஃப்ரெட் ஓரம். விலை ஏற ஏற ஓரத்தை நல்லா உருட்டித் தேய்ச்சிருப்பாங்க. 2024ல வந்த பிளேயர் 2ல அது நல்லா தெரியும். அமெரிக்கன்ல ட்யூனிங் கீ, பிரிட்ஜ் எல்லாம் உசத்தி, திரும்ப வித்தாலும் நல்ல விலை போகும். இல்லைன்னு சொல்ல மாட்டேன். லட்சத்துக்கு மேல சும்மா இருக்கறவங்க தாராளமா வாங்குங்க, எனக்கு வயித்தெரிச்சல் மட்டும்தான் :)

ஆனா நம்ம ஊர் வீட்டுக்குள்ள அதைக் கொண்டு வந்து வெச்சா என்ன ஆகும்னு எந்த அமெரிக்க வீடியோக்காரனும் சொல்ல மாட்டான். நான் சொல்றேன்.

எங்க தெருவுல தறிச் சத்தம் கேக்காத வீடு குறைவு. ஸ்ட்ராட் பிக்கப் ஒத்தைச் சுருள். பக்கத்து வீட்டு தறி மோட்டார், ட்யூப்லைட் சோக், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாத்தோட இரைச்சலையும் கூப்பிட்டு உக்கார வெச்சுக்கும். இப்போதைய மாடல்கள் பெரும்பாலானதுல நடு பிக்கப்பை எதிர்த்திசையில சுத்தியிருப்பாங்க. அதனால சுவிட்சை 2வது, 4வது இடத்துல வெச்சா இரைச்சல் அடங்கிடும். 50கள், 60களோட அசல் அமைப்பை அச்சுப் பிசகாம செய்யற மாடல்கள் பலதுல அந்த வசதி கிடையாது. அதாவது ஆட்டையாம்பட்டியில ஒரு சாதா ஸ்கொயர், பல லட்சம் ரூபா 'வின்டேஜை' விட அமைதியா பாடும்! (வீட்டுல எர்த் சரியா இருக்கான்னு எலெக்ட்ரீஷியனை விட்டுப் பார்க்காம எதையும் ஆம்ப்ல சொருகாதீங்க. கம்பியைத் தொட்டா சுருக்குங்குதுன்னா அது இசை இல்லை, ஷாக்.)

அடுத்தது வெயில். பங்குனி, சித்திரையில எங்க பக்கம் காத்து காஞ்சு கெடக்கும். மரம் சுருங்கும், ஃப்ரெட் கம்பி சுருங்காது. ஓரத்துல முள்ளு மாதிரி நீட்டிக்கும், நெக் வளைவும் மாறும். கலிஃபோர்னியாவுல செஞ்சதா, இந்தோனேஷியாவுல செஞ்சதான்னு சேலத்து வெயில் பாஸ்போர்ட் கேக்காது.

எங்க தெரு தறி மேஸ்திரி ஒருத்தர் அடிக்கடி சொல்லுவார்: "புதுத் தறின்னு எறக்குனா மட்டும் ஆச்சுங்களா? நான் ஒரு நாள் கை வெச்சு செட் பண்ணாம அது துணி நெய்யாதுங்க." கிடாருக்கும் அதேதான். செட்டப் பண்ணாத அமெரிக்கனை விட, செட்டப் பண்ண அஃபினிட்டி நல்லா வாசிக்கும்.

அதனால வெர்ஷன்களை ஒப்பிடணும்னா இப்படி ஒப்பிடுங்க. கடைக்கு நேர்ல போங்க. நெக் ஓரத்துல விரலை ஓட்டிப் பாருங்க, குத்துதா? 2வது, 3வது ஃப்ரெட்டுக்கு நடுவுல கம்பியை அழுத்துங்க. 1வது ஃப்ரெட்டுக்கு மேல மயிரிழை இடைவெளி இருக்கணும். பெரிய சந்தா தெரிஞ்சா நட் சரியா வெட்டலை, புதுசா பழகற விரல் செத்துடும். 17வது ஃப்ரெட்டுல கம்பி ஒன்றரை மில்லிமீட்டர் உயரத்துக்குப் பக்கத்துல நிக்குதா, இல்ல கொண்டு வர முடியுதா? 12வது ஃப்ரெட்டுல அழுத்தி வாசிக்கறதும், அதே இடத்துல அழுத்தாம தொட்டு எடுக்கற மணி ஓசையும் ஒரே சுருதியா? இதுல தேறினா தலையில ஸ்கொயர்னு இருந்தா என்ன, வேற எது இருந்தா என்ன? தேறலைன்னா அமெரிக்கனா இருந்தாலும் அப்படியே வெச்சுட்டு வாங்க. மிச்சம் பிடிச்ச காசுல ஒரு நல்ல சின்ன ஆம்ப் வாங்குங்க, ஒரு தடவை செட்டப்புக்குக் கொடுங்க. அந்த 30 ஆயிரக்காரருக்கு என் பதில் இதுதான்.

இப்ப ஏன் இவ்வளவு கோபம்னு சொல்றேன்னேனே. கொசுவத்தி சுத்திக்கறேன், மன்னிச்சுக்குங்க.

அக்கா பையன் ஒருத்தன். சில வருஷம் முன்னாடி பன்னெண்டாவது முடிச்ச லீவுல ரெண்டு மாசம் ஒரு தறிப் பட்டறையில வேலைக்குப் போனான். அந்தக் கூலியோட பாட்டி கொடுத்ததையும் சேர்த்து 22 ஆயிரம் வெச்சிருந்தான். "மாமா, ஸ்ட்ராட் வாங்கலாம்னு இருக்கேன், அஃபினிட்டி பரவாயில்லையா?"ன்னு கேட்டான். அவன் மாமாதான் பெரிய கிடார் நிபுணராச்சே! கம்ப்யூட்டர்ல 14 மாடலுக்குக் கட்டம் போட்டு, மரம், காந்தம், நாடுன்னு பிரிச்சு வெச்சிருந்த மகா மேதை. அந்த நிபுணர் சொன்னது: "ஸ்கொயர் வாங்கறதுக்கு வாங்காமலே இருக்கலாம்டா. இன்னும் கொஞ்சம் சேரு, மெக்ஸிகோ எடுத்துக்கலாம்."

ஆமாங்க. அந்த வரியைச் சொன்னது நாந்தான்.

அவன் சேர்க்கலை. எப்படிச் சேர்ப்பான்? காலேஜ் ஃபீஸ் வந்துச்சு. மிச்சத்துல போன் வாங்கினான். இப்ப பெங்களூர்ல வேலையில இருக்கான், கை நிறைய சம்பளம், நெனச்சா அமெரிக்கனே வாங்கலாம். போன பொங்கலுக்கு வந்தப்ப கேட்டேன். "அதெல்லாம் அப்பங்க மாமா. இப்ப எங்க நேரம்?"னு சிரிச்சான். அந்தச் சிரிப்புக்கு எந்த வெர்ஷன் கிடார் வாங்கிக் கொடுத்தாலும் ஈடாகாது.

அதனாலதான் சொல்றேன், "அதுக்கு வாங்காமலே இருக்கலாம்"ங்கறது யோசனை இல்லை. கேக்கறவன் வயசுல அது ஒரு கதவடைப்பு. 17 வயசுல இருக்கற பசி 25ல இருக்காது. நமக்கு அது சும்மா ஒரு பந்தா வரி. அவனுக்கு அது அஞ்சு வருஷம்.

அவன் தங்கச்சி இப்ப பதினொண்ணாவது. போன மாசம் அவ வந்து கேட்டா. கட்டம் போட்ட ஃபைலை நான் திறக்கவே இல்லை. கோயம்புத்தூருக்குக் கூட்டிட்டுப் போய் நாலு கிடாரை அவ கையில கொடுத்து, மேல சொன்ன சோதனையெல்லாம் பண்ணி, ஒரு அஃபினிட்டி வாங்கிட்டு வந்தோம். ஃப்ரெட் ஓரம் ரெண்டு இடத்துல லேசா குத்துச்சு, செட்டப் பண்ணவர்கிட்ட சொல்லித் தேய்ச்சாச்சு. இப்ப சாயங்காலமானா தறிச் சத்தத்துக்கு நடுவுல அக்கா வீட்டுல இருந்து ஜி கார்டு கேக்குது. தப்பாத்தான் கேக்குது. கேக்குதுல்ல, அது போதும்.

டிஸ்கி: ஃபெண்டர், ஸ்கொயர் யாரும் எனக்கு ஒரு பிக் கூடக் கொடுக்கலை. திட்டறவங்க பின்னூட்டத்துல வந்து திட்டலாம். ஆனா கடைசியா எப்ப கிடாரைக் கையில எடுத்தீங்கன்னும் சேர்த்துச் சொல்லிட்டுத் திட்டுங்க :)