சிக்கனத்தின் சுமை யார் தலையில்?

வைத்தியசாலைச் செலவைக் குறைப்பதே நாட்டை மீட்கும் வழி என வாதிடுவோர் உளர். அவர்கள் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை ஒருமுறை நோக்குதல் நன்று. முறையாகச் செலவிடப்படாத இடத்தில் எதனைக் குறைப்பது?

இக்குறை நேற்று நேர்ந்ததன்று. 1912 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் தொழிலாளரின் உடல்நலத்தைத் தோட்டத்தின் பொறுப்பாக்கிற்று. அன்றே மனித உயிர் கணக்கேட்டின் ஒரு செலவினமாயிற்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அப்பொழுதும் மருந்துச்சாலை தோட்டத்தோடேயே நின்றது. 1992 இல் முகாமை தனியார் கம்பனிகளின் கைக்கு மாறிற்று. மருந்துச்சாலையும் உடன் மாறிற்று. பின்னர் சில தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்றது உண்மையே. ஆயின், எஞ்சிய தோட்டங்களில் நோயாளிக்குக் கிட்டுவது பெரும்பாலும் மருத்துவ உதவியாளர் ஒருவரே, தாதி அல்லர்.

2022 இன் பொருளாதார வீழ்ச்சி இந்நிலையை மேலும் மோசமாக்கிற்று. அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அவ்வாண்டு அனுமதி வழங்கப்பட்டது. சம்பளச் செலவு குறையும், அந்நியச் செலாவணி பெருகும் என்பதே கணக்கு. மருத்துவரும் தாதியரும் நாடு நீங்கினர். நகர வைத்தியசாலையே ஆளின்றித் தவிக்கையில் தோட்டத்தை நினைப்பவர் யார்?

அரசு மிச்சப்படுத்திய பணம் மறைந்துவிடவில்லை; அது லயத்தின் கடனாயிற்று. நோயுற்றவர் மலையிறங்கி நகரம் சென்றால் அவருக்கு அன்றைய பேர் இல்லை. துணை சென்றவருக்கும் இல்லை. பஸ் கட்டணமும் வெளியில் வாங்கும் மருந்தும் வேறு. இதற்குச் சிக்கனம் என்று பெயரிடுவது சொல்லுக்கே இழுக்கு.

தாதியர் கிடைப்பதரிது என்பர் சிலர். தாதிப் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவில் சித்தி வேண்டும். அப்பிரிவைத் தமிழிற் கற்பிக்கும் தோட்டப் பாடசாலைகளோ அரிது. வாயிலை அடைத்துவிட்டு, வருவாரில்லை என்பது எவ்வகை நியாயம்? 1987 முதல் தமிழும் அரசகரும மொழி. எனினும் தன் நோவைத் தன் மொழியிற் சொல்லவியலாத தாய் வார்டிலே ஊமையாகிறாள்.

ஆகவே வேண்டுவது இரக்கமன்று. தோட்ட மருத்துவம் முழுவதும் அரச சுகாதார சேவையில் இணைதல் வேண்டும். கொழுந்து பறிப்பவளின் மகள் தாதியாகும் வழி திறக்கப்படல் வேண்டும். நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித் தந்த கைகளின் நாடி பார்க்க ஒரு கை வேண்டுமென்பது சலுகையன்று; உரிமை.