விளையாட்டுக் கூடம் யார் பிள்ளைகளுக்கு?

உலகமெங்கும் பந்தாட்டக்காரர்களும் ஓட்டக்காரர்களும் போட்டுக் கொள்ளும் பனியன்களைத் திருப்பூர் தைத்து அனுப்புகிறது. அதைத் தைக்கும் தொழிலாளியின் மகளும், குண்டடம் பக்கம் காட்டு வேலைக்குப் போகும் கூலி விவசாயியின் மகனும் விளையாடுகிற இடம் எப்படி இருக்க வேண்டும் என்று எந்த இஞ்சினீயராவது நம்மைக் கேட்டதுண்டா?

தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், ஒவ்வொன்றுக்கும் 3 கோடி ரூபாய் என்று மாநில சர்க்கார் திட்டம் போட்டது. 2023ல் முதல் 10 தொகுதிகளுக்கு அடிக்கல்லும் நாட்டியது. நல்ல காரியம், வரவேற்கிறோம். ஆனால் பஸ் ஏறிப் போய் விளையாடி, இருட்டுவதற்குள் வீடு திரும்பக் கூலிக்காரன் பிள்ளையால் முடியுமா? பள்ளிக்கூடத்திலேயே வேண்டும். 2009ம் வருஷக் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. எவ்வளவு பெரிது என்று மட்டும் அதன் அட்டவணை சொல்லவில்லை!

400 மீட்டர் ஓடுபாதைக்குச் சுமார் 4 ஏக்கர் வேண்டும். அது எல்லாப் பள்ளிக்கும் கிடைக்காது. கபடிக்கோ 13 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் போதும். வாலிபாலுக்கு 18க்கு 9. சுற்றிலும் 3 மீட்டர் விட்டு, 24க்கு 15 என்று ஒரே கூரை போட்டால் இரண்டையும் மாற்றி மாற்றி ஆடலாம்.

அந்தக் கூரையில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஊரின் வெயிலையும் காற்றையும் பாராமல் எங்கோ வரைந்த பிளானைக் கொண்டு வந்து தகரத்தை மூடினால், சித்திரையில் அது விளையாட்டுக் கூடமல்ல, சூளை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடியில் வீசும் காற்று காற்றாலை முதலாளிக்குக் காசு. சரியாகப் பிணைக்காத கூரைக்கு எமன். 100 மீட்டர் ஓட்டத்தில் முதுகுக் காற்று விநாடிக்கு 2 மீட்டரைத் தாண்டினால் சாதனைக் கணக்கில் சேராது என்று விதி. நம் பிள்ளைகள் ஆடி மாதத்தில் கிழக்கே பார்த்து ஓடினால் என்ன ஆகும்!

ஆகவே ஆடுகளத்தின் நீளம் தெற்கு வடக்காக இருக்க வேண்டும்; அப்போதுதான் மாலை வெயில் ஆடுகிறவன் கண்ணில் அடிக்காது. மேற்கே செங்கலை இடைவெளி விட்டு அடுக்கிய சுவர் வேண்டும். வெயிலும் வேகக் காற்றும் அதில் உடைந்து, மூச்சுக்கு வேண்டிய காற்று உள்ளே வரும். அதற்கும் வெளியே ஒரு வரிசை வேப்பமரம், புழுதிக்காக. கூரையின் முகட்டில் சூடு வெளியேற வழி.

இது கற்பனையல்ல. ஆப்பிரிக்காவில் புர்கினா பாஸோ என்ற ஏழை நாட்டின் காண்டோ கிராமத்தில், பிரான்சிஸ் கெரே என்பவர் 2001ல் ஒரு பள்ளி கட்டி முடித்தார். மண் கல் சுவர், மேலே கல் அடுக்கிய தளம், அதற்கும் மேலே கம்பிகள் தூக்கிப் பிடித்த தகரக் கூரை. நடுவே காற்று ஓடிச் சூட்டை இழுத்துப் போகிறது. கட்டியவர்கள் அந்தக் கிராமத்து ஜனங்களே. 2022ல் கட்டடக் கலையின் மிகப் பெரிய பரிசான பிரிட்ஸ்கர் அவருக்குக் கிடைத்தது. நம் கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் இந்த வேலை தெரியாதா என்ன?

இன்னொன்று. பெண் குழந்தைகள் உடை மாற்றத் தாழ்ப்பாள் உள்ள அறையும், தண்ணீர் வரும் கக்கூஸும் இல்லாத கூடம் பையன்களுக்கு மட்டுமே கட்டியதாகும். பெரிய மனுஷியான பெண் கபடியை விடுவதற்கு வீட்டார்தான் காரணம் என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். அந்த அறைகளை முதலில் கட்டட்டும். வளைவும் திறப்பு விழாக் கல்வெட்டும் பிறகு வரட்டும்.

மே 1 அன்று கிராம சபை கூடும். மில்லுக்கும் லீவு. அங்கே பிளானை விரிக்கச் சொல்லி, வடக்கு எந்தப் பக்கம் என்று முதலில் கேட்போம்.