நாய்க்கும் ஒரு நடுகல்



கல்வராயன் மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் முதியவர் ஒருவர், தாம் பதினோராண்டு வளர்த்த வேட்டை நாயை இழந்து இரண்டு நாள் உணவருந்தாதிருந்தார். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை ஏது? அந்த நாய் இரவுதோறும் மரவள்ளிக் கொல்லையைக் காட்டுப்பன்றிகளிடமிருந்து காத்து வந்தது. "நாய் செத்ததற்கு இழவு காக்கிறார்" என்று ஊரார் நகைத்தனர். பெற்ற மகனே நாணித் தலைகுனிந்தான். "சாமி, அதைப் புதைத்த இடத்தில் ஒரு கல் நட்டால் தவறாகுமா?" என்று அவர் என்னை வினவினார். தாராளமாக நடலாம் என்றேன். நகைத்தவர்களுக்கு உரிய விடையை இங்கே எழுதுகிறேன்.

நமக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில், எடுத்தனூர் என்று ஓர் ஊர் உண்டு. அங்கே பல்லவ வேந்தன் முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டில், நடப்பட்ட கல் ஒன்று உள்ளது. எருமைகளைக் காக்கும் பூசலில் உயிர் துறந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வில்லேந்திய வீரனோடு ஒரு நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்னும் அந்நாய் கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியைத் தனியே பொறித்து வைத்தனர். அக்காலத்தில் பேர் தெரியாமல் மாண்ட மனிதர் எத்தனை ஆயிரமோ! ஒரு நாயின் பேரை நாம் இன்றும் படிக்கிறோம்.

அது காவல் நாய். வேட்டை நாய்க்கென்றே எடுத்த கல்லும் உண்டு. அதன் கதை நம் மாவட்டத்தையும் தொட்டுச் செல்கிறது. 2019இல் தனி மாவட்டமான நம் கள்ளக்குறிச்சியைச் சேர்ந்ததே திருநாவலூர். பராந்தக சோழனின் மகன் இராசாதித்தன் வடக்கெல்லையைக் காக்கப் படையுடன் தங்கியிருந்த ஊர் அது; இராசாதித்தபுரம் என்றும் அதற்குப் பேர் வழங்கியது. 949இல் அரக்கோணத்தை அடுத்த தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் படையை அவன் எதிர்த்தான். கிருட்டிணனுக்குத் துணைவந்த கங்க அரசன் பூதுகன் யானைமேலிருந்த இராசாதித்தனைக் கொன்றான். அதற்குப் பரிசாக வனவாசி முதலிய நாடுகளையே பெற்றான்.

பூதுகனின் படையில் மணலேரன் என்றொரு வீரன் இருந்தான். அவனுடைய ஆற்றலை மெச்சி, வேண்டியதைக் கேள் என்றபோது அவன் ஊர் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான்! நாடு பெற்றவனைவிட இவனையே எனக்கு மிகவும் பிடிக்கிறது. இராசாதித்தன் நம்மவனாயிற்றே, பகைவனைப் புகழலாமா என்பீர்கள். நாயை நேசித்தவனிடம் எனக்குப் பகையில்லை.

பின்னர் ஒரு நாள், பேளதூரின் மேற்கேயுள்ள குன்றில் பெரும் பன்றி ஒன்றின்மேல் காளி ஏவப்பட்டது. இரண்டும் ஒன்றையொன்று கொன்று மடிந்தன. கருநாடகத்தில் இன்றைய மண்டியா மாவட்டத்திலுள்ள ஆதகூரில், சல்லேசுவரம் கோயிலின் முன், மணலேரன் காளிக்குக் கல் நாட்டினான். அக்கல்லைப் பேணுவதற்கு நிலமும் விடப்பட்டது. அந்நிலத்தை அனுபவிப்பவன் கல்லுக்குப் பூசை செய்யாமல் உண்டால் பாவம் சேரும் என்றும் எழுதி வைத்தனர். கல்லுக்குப் பூசை செய்வது நமக்கு உடன்பாடன்று. எனினும் தன் காலத்திற்குப் பின்னும் யாரேனும் தன் நாயை நினைக்க வேண்டுமென்று ஒரு போர்வீரன் பட்ட கவலையை எண்ணிப் பாருங்கள்.

நமது மறைநூலில் இளைஞன் தோபியாவின் பயணத்திலும் ஒரு நாய் உடன் செல்கிறது. வீடு திரும்பும்போதும் பின்னே வருகிறது. அதன் பேரை மட்டும் நூல் சொல்லவில்லை.

ஆதகூர்க் கல் இப்போது பெங்களூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவ்வழியே செல்வோர் உள்ளே நுழைந்து பாருங்கள். எழுத்துகளோடு நாயும் பன்றியும் மோதும் சிற்பமும் அதில் உண்டு. ஆயிரம் ஆண்டுகள் கடந்தும் காளி தன் பிடியை விடவில்லை.