மீட்டரில் சக்கரம் ஓடிய காலம்



ஓசூர் குளிருக்குக் காலையில் கீசர் இல்லாமல் முடியாது. மின்சாரம் மிச்சமாகும் என்று போன மாதம் மகன் அதற்கு ஒரு ஸ்மார்ட் பிளக் மாட்டிவிட்டுப் போனான். அதை இயக்க செல்போனில் ஒரு ஆப். ஆப் முழுக்க ஆங்கிலம். வீட்டுக்காரம்மா இரண்டு நாள் பார்த்துவிட்டு, "இதுக்கு நானே எழுந்து போய் சுவிட்சை அணைச்சிடுவேன்" என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை.

பழைய மீட்டர் நினைவிருக்கிறதா? கண்ணாடிக்குள் ஒரு அலுமினியச் சக்கரம் சுற்றும். இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் வேகம் பிடிக்கும், அணைத்தால் தளரும். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகூட அதைப் பார்த்து, "என்னடா இப்படி ஓடுது, எதையாவது அணைங்க" என்பார். டிஜிட்டல் மீட்டர் வந்தது, சக்கரம் போயிற்று. செலவு கண்ணில் படுவதும் அதோடு போயிற்று.

இப்போது இரண்டு மாதம் கழித்து ரீடிங் எடுத்த பிறகுதான் தெரிகிறது. 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, அப்போது வீட்டுக்கு 500 யூனிட் என்றால் 1,725 ரூபாய் ஆயிற்று. 510 யூனிட் ஆனால் 2,030 ரூபாய் ஆயிற்று. 500-ஐத் தாண்டியதும் 101 முதல் 200 யூனிட் வரைக்கும் சேர்த்து விலை ஏறிவிட்டது. பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய்! 490-இல் நிற்கும்போதே யாராவது சொல்லியிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். பரீட்சை முடிந்த பிறகு பாடம் நடத்தி என்ன பயன்?

யாருக்கும் பாடம் நடத்தாமலே மிச்சம் பிடிக்கவும் வழி உண்டு. 2020 ஜனவரி முதல், நட்சத்திரக் குறியீடு உள்ள ஏசி போட்டவுடன் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது மத்திய அரசின் விதி. வேண்டியவர் குறைத்துக்கொள்ளலாம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறார்கள். மிச்சம் பிடிப்பதை இயந்திரமே தொடங்கி வைக்கிறது.

ஓசூர் சிப்காட்டிலும், அத்திப்பள்ளி தாண்டி எலக்ட்ரானிக் சிட்டியிலும் இப்படிப்பட்ட கருவிகளைச் செய்யும் வேலையில் என் மாணவர்கள் இருப்பீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுவரில் மாட்ட ஒரு சிறு பெட்டி போதும். இன்றைக்கு எத்தனை ரூபாய் ஆயிற்று, 500-க்கு இன்னும் எத்தனை யூனிட் இருக்கிறது என்று பெரிய எழுத்தில் காட்டட்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் இருக்கட்டும். நம் தெருவில் மூன்றும்தானே பேசுகிறோம். செல்போன் இல்லாமலும் வேலை செய்யட்டும்.

செய்து முடித்ததும் முதலில் உங்கள் அம்மாவிடம் கொடுத்துப் பாருங்கள். யாரும் சொல்லித்தராமல் அவர் பயன்படுத்தினால் நீங்கள் பாஸ்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்