பறக்க ஆசையா? முதல் பாடம் தரையில்தான்!

ரீல்ஸில் பார்க்கும்போது எல்லாமே சுலபமாகத்தான் தெரிகிறது. உயரத்திலிருந்து தொங்கும் சிவப்புத் துணியில் ஒரு பெண் சரசரவென ஏறுகிறார். காலில் ஒரு சுற்று, இடுப்பில் ஒரு சுற்று. இரண்டு கைகளையும் விடுகிறார். உருண்டு இறங்கி, தரைக்கு இரண்டடி மேலே சிரித்தபடி நிற்கிறார். மொத்தம் முப்பது விநாடி. வீடியோ முடிவதற்குள், ‘நமக்கும் வருமா?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது.

வரும். ஆனால், அந்த முப்பது விநாடியை முதல் நாளே எதிர்பார்க்கக் கூடாது.

இந்த வித்தைக்கு ‘ஏரியல் சில்க்’ என்று பெயர். பெயரில் மட்டும்தான் பட்டு. உண்மையில் அது நைலான் அல்லது பாலியஸ்டர் துணி. நீளமான துணியை நடுவில் மடித்து மேலே மாட்டினால், இரண்டு வால்களாகத் தொங்கும். துணியின் இரு முனைகளையும் மேலே கட்டி, நடுப்பகுதியை வளைவாக விட்டால் அது ‘ஹேமக்’. பார்த்ததும் நம் வீட்டுத் தூளி ஞாபகம் வரும். உலோக வளையம் தொங்கினால் ‘லைரா’. இரண்டு கயிறுகளுக்கு நடுவே கம்பி தொங்கினால், சர்க்கஸில் பார்த்துப் பழகிய டிரபீஸ். சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களில் இவற்றைச் சொல்லிக்கொடுக்கும் வகுப்புகள் நடக்கின்றன. ஐ.டி. ஊழியர், கல்லூரி மாணவி, பிள்ளையை டியூஷனில் விட்டுவிட்டு வரும் அம்மா என்று யார் வேண்டுமானாலும் சேரலாம்.

ஒரு காலத்தில் இது நினைத்துப் பார்க்க முடியாத விஷயம். ‘பறக்கும் பாவை’யையும் ‘அபூர்வ சகோதரர்கள்’ அப்புவையும் ரசித்த தமிழ்க் குடும்பங்களே, பிள்ளையை சர்க்கஸில் சேர்ப்பதா என்றால் பதறும். கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901-லேயே சர்க்கஸ் பயிற்சிக் கூடம் தொடங்கியவர். அங்கிருந்து நாடு முழுக்கக் கலைஞர்கள் போனார்கள். ஆனாலும் கூடாரத்துக்குள் வறுமையும் சின்னக் குழந்தைகளின் உழைப்பும் கலந்தே இருந்தன. சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் உத்தரவிட வேண்டியிருந்தது. அன்று வயிற்றுப்பாட்டுக்காகக் கற்றதை இன்று காசு கொடுத்துக் கற்கிறார்கள். காலம்தான்!

முதல் வகுப்பில் என்ன நடக்கும்?

பலருக்கும் ஏமாற்றம் இங்கேதான். துணியைத் தொடுவதற்கு முன்பு நல்ல நேரம் வார்ம்-அப்பிலேயே போய்விடும். மணிக்கட்டு, தோள், வயிறு, தொடை என்று ஒன்று விடாமல் சூடேற்றுவார்கள். அதற்கப்புறம் தொங்கச் சொல்வார்கள். சும்மா தொங்குவதுதான், ஆனால், அதிலேயே ஒரு பாடம் இருக்கிறது.

கூட்டமான பஸ்ஸில் மேல்கம்பியைப் பிடித்துத் தொங்கும்போது தோள்கள் காதுவரை ஏறியிருக்கும். உடம்பின் எடை முழுக்கத் தோள் மூட்டின் ஜவ்வுகளில் இழுபடும். ஏரியலில் அப்படித் தொங்கினால் தோள் போய்விடும். கை நேராகவே இருக்க, தோள்பட்டையைக் காதிலிருந்து கீழே இழுத்து, முதுகுத் தசைகளால் உடம்பைத் தாங்க வேண்டும். அசைவு இரண்டு அங்குலம்கூட இருக்காது. ஆனால், பத்து விநாடியில் கை நடுங்கும். புதியவர்கள் சிலருக்கு அதற்கு மேல் தாங்காது. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அடுத்து வருவது ‘ஃபுட் லாக்’, அதாவது காலில் போடும் பூட்டு. துணியைக் காலைச் சுற்றிப் பாதத்தில் ஒரு முடிச்சுபோலப் பின்னி, அதன் மேலேயே ஏறி நிற்பது. தரையிலிருந்து ஓரடி உயரம்தான். ஆனால், எடை கையிலிருந்து காலுக்கு மாறும் அந்த நொடியில் பலருக்கும் விஷயம் புரிந்துவிடும். இது கைபலத்தால் மட்டும் செய்கிற வித்தை இல்லை. பனையேறுகிறவர் காலில் தளைநார் மாட்டிக்கொள்வது எதற்காக? மரத்தைப் பற்றும் வேலையில் பாதியைக் கால்கள் பார்த்துக்கொள்ளத்தான். துணியில் ஏறும்போதும் அப்படியே. பாதங்களுக்கு நடுவே துணியை இறுக்கிப் பிடிக்கத் தெரிந்தவர், ‘புல்-அப்’ ஒன்றுகூட எடுக்க முடியாதவராக இருந்தாலும் மேலே போய்விடுவார்.

மேலே போவதைவிட முக்கியம், இறங்குவது. பாதி உயரத்தில் கை சோர்ந்துபோனவர் செய்யும் முதல் தவறு, துணியைப் பிடித்தபடியே சறுக்குவது. உள்ளங்கையும் முழங்காலின் பின்புறமும் உராய்ந்து, நெருப்புச் சுட்டதுபோல் தோல் உரிந்துவிடும். அதனால், நல்ல பயிற்சியாளர் முதல் மாதம் முழுக்க ஏற்றுவதும் இறக்குவதுமாகவே வைத்திருப்பார். தலைகீழாகத் தொங்கும் பாடமும் தாழ்வான ஹேமக்கில்தான் ஆரம்பிக்கும். முதல் வகுப்பிலேயே உயரத்துக்கு அனுப்பி, தலைகீழாகத் தொங்கவிட்டு ஃபோட்டோ எடுத்துக் கொடுக்கும் இடமென்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். ஃபோட்டோ நன்றாகவே வரும். பிரச்னை அதுவல்ல.

உயரம் என்றாலே பயப்படுகிறவர்கள் சர்க்கஸின் இன்னொரு பக்கத்தில் தொடங்கலாம். மூன்று பந்துகளைத் தூக்கிப்போட்டுப் பிடிக்கும் ஜக்ளிங்குக்குக் கூரையே தேவையில்லை. அம்மானை ஆடியவர்களின் ஊருக்கு இது புதிதும் இல்லை. கயிற்றிலும் கம்பத்திலும் ஏறும் மல்லகம்பம், துணிக்கு நெருங்கிய உறவு. விழுப்புரத்துப் பிள்ளைகள் அதில் பெயர் வாங்கியவர்கள். கேலோ இந்தியா போட்டிகளிலும் இடம்பெறுகிறது.

மேலே பாருங்கள்

வகுப்பில் சேருமுன் கட்டணத்தை விசாரிப்பவர்கள் எல்லோரும், ‘துணி எதில் தொங்குகிறது?’ என்று கேட்பதில்லை. முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

சும்மா தொங்கும்போது கொக்கியில் விழுவது ஒருவரின் எடை. உருண்டு இறங்கிச் சட்டென நிற்கும்போதோ அது பல மடங்காகிவிடும். அறுபது கிலோ உள்ள ஒருவர் ஒரு நொடிக்கு இருநூறு, முந்நூறு கிலோவாகவும் மாறலாம். அதனால்தான் இதற்கென்றே தயாரித்த உலோக வளையங்களைப் பயன்படுத்துகிறார்கள். எவ்வளவு விசையைத் தாங்கும் என்பது அவற்றின் உடலிலேயே ‘கிலோநியூட்டன்’ கணக்கில் பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு கிலோநியூட்டன் என்றால் ஏறக்குறைய நூறு கிலோ. வளையத்தின் வாய் திருகியோ தானாகவோ பூட்டிக்கொள்வதாக இருக்க வேண்டும். அது மாட்டியிருக்கும் உத்தரம், கட்டடத்தின் எடை தாங்கும் பாகமாக இருக்க வேண்டும். ஃபால்ஸ் சீலிங்கில் திருகிய கொக்கியாக இருக்கக் கூடாது.

யார் பொருத்தியது, பொறியாளர் பார்த்தாரா, எத்தனை நாளுக்கு ஒருமுறை சோதிக்கிறீர்கள், துணியைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்றெல்லாம் கேட்கலாம். ஒழுங்காக நடத்துகிறவர்கள் சந்தோஷமாகப் பதில் சொல்வார்கள். மழுப்பினால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடலாம்.

கீழே தடிமனான மெத்தை இருக்க வேண்டும். அது இருந்தாலும் தலைகுப்புற விழுகிறவரை எல்லா நேரமும் காப்பாற்றாது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டாம்பா நகரில், ‘சர்க் து சோலே’ குழுவில் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்த கலைஞர் ஒருவரே நிகழ்ச்சியின் நடுவில் விழுந்து உயிரிழந்தார். அவ்வளவு தேர்ந்தவருக்கே அப்படி என்றால், அனுபவம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்று யாரும் சொல்ல முடியாது. 1859-ல் பாரிஸில் பறக்கும் டிரபீஸை முதன்முதலில் மேடையேற்றிய லியோட்டார், நீச்சல் குளத்துக்கு மேலே கம்பியைக் கட்டித்தான் பயிற்சி எடுத்தார். (உடம்போடு ஒட்டிய அந்த ‘லியோடார்ட்’ உடைக்கு அவர் பெயர்தான்.)

இதைவிடப் பெரிய கவலை வீட்டுக்குள் இருக்கிறது. ஆன்லைனில் ஹேமக் துணி கொக்கியோடு கிடைக்கிறது. வீட்டில் பழைய தூளிக் கொக்கி சும்மாதானே இருக்கிறது என்று தோன்றும். கைக்குழந்தையைத் தாங்கிய கொக்கி, குதித்து ஆடும் பெரியவரைத் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஃபேன் கொக்கியும் அப்படித்தான். இன்னொன்று, சேலையில் ஊஞ்சல் கட்டி ஆடிய சிறுவர்கள் கழுத்து இறுகி இறந்த செய்திகளைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறோம். வகுப்புக்குப் போகும் அம்மாவையோ அக்காவையோ பார்த்து, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் ஒரு குழந்தை சேலையைச் சுற்றிக்கொண்டு முயற்சி செய்யலாம். கற்கிற காலத்தில் துணி வகுப்பிலேயே இருக்கட்டும். பெரியவர்களும் தனியாகப் பழக வேண்டாம். துணி எங்காவது சிக்கிக்கொண்டால் விடுவிக்க இன்னொரு ஆள் வேண்டும்.

தாலியும் தேங்காய் எண்ணெயும்

உடை விஷயம் சுலபம். கணுக்கால்வரை மூடும் லெக்கிங்ஸ், இடுப்புக்குள் செருகக்கூடிய ஒட்டிய பனியன். முழங்காலின் பின்புறம், இடுப்பு, அக்குள் ஆகிய இடங்களில்தான் துணி உரசும். ஜிப், பட்டன், துப்பட்டா கூடாது.

நகை விஷயம்தான் சிக்கல். மோதிரம், வளையல், கொலுசு, மெட்டி, தொங்கும் கம்மல் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். மோதிரத்தின் ஒரு முனை துணியில் சின்னக் கிழிசலை உண்டாக்கினால் போதும். அடுத்து ஏறுபவரின் எடையில் அது பெரிதாகும். தாலிச் செயினுக்கும் இதே விதிதான். தலைகீழாகத் தொங்கும்போது கழுத்தில் கிடப்பது எதிலாவது மாட்டிக்கொண்டால் ஆபத்து. கழற்றத் தயங்குகிறவர்கள் உண்டு. அந்தத் தயக்கத்தில் நியாயமும் உண்டு. ஆனால், இதற்கு நடுவழி கிடையாது. சேருமுன் வீட்டில் பேசி முடிவெடுத்துக்கொண்டு வருவது நல்லது.

ஞாயிறு காலை எண்ணெய்க் குளியல் போட்டுவிட்டு மாலையில் வகுப்புக்கு வந்தால் கை வழுக்கும், துணியும் வீணாகும். வியர்க்கும் கைகளுக்கு ‘ரோசின்’ தருவார்கள். வயலின் வில்லில் தேய்க்கும் அதே பிசின்தான்.

உயர் ரத்த அழுத்தம், கண்ணில் நீர் அழுத்த நோய், விழித்திரைப் பிரச்னை, தலைசுற்றல், முதுகுத்தண்டு வட்டுக் கோளாறு, அடிக்கடி நழுவும் தோள், சமீபத்திய அறுவை சிகிச்சை ஆகியவை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தலைகீழாகத் தொங்கக் கூடாது. கர்ப்பிணிகள் புதிதாகத் தொடங்க வேண்டாம். வயதோ எடையோ மட்டும் தடையில்லை. நாற்பது தாண்டியவர்கள் வாரத்துக்கு ஒரு வகுப்பில் தொடங்கி, உடம்பு பழகிய பிறகு இரண்டாக்கலாம். சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். பிரியாணி சாப்பிட்டுவிட்டுத் தலைகீழாகத் தொங்கினால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

முதல் வகுப்பு முடிந்த இரவில் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலையில் தலை பின்னக் கையைத் தூக்கும்போதுதான் தெரியும். முழங்காலின் பின்னால் நீலமாக ஒரு தடம் இருக்கும். மாவுப் பாத்திரத்தை ஃபிரிட்ஜிலிருந்து எடுக்க வீட்டில் யாரையாவது கூப்பிட வேண்டியிருக்கும். சாதாரணத் தசைவலி என்றால் இரண்டு, மூன்று நாளில் தணிந்துவிடும். மூட்டுக்குள் குத்தினாலோ, கை மரத்துப்போனாலோ அடுத்த வகுப்பைத் தள்ளிவைத்துவிட்டு டாக்டரைப் பார்க்க வேண்டும்.