உங்கள் கோப்பு நாளைக்குத் திறக்குமா?

எந்தக் கணிப்பொறி வாங்கலாம், எந்த மென்பொருள் சிறந்தது என்று உங்களுக்குள் அடிக்கடி விவாதம் நடக்கும். விலை, வேகம், நினைவகத்தின் அளவு, திரையின் அழகு ஆகியவற்றை ஒப்பிட்டுப் பார்ப்பீர்கள். இவை தேவையானவைதாம். ஆனால் இவற்றுக்கெல்லாம் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு என்பது என் கருத்து. "இதில் நான் எழுதி வைப்பதை, இந்த மென்பொருள் இல்லாமற்போனாலும் படிக்க முடியுமா?" என்பதே அக்கேள்வி.

இது எவ்வளவு முக்கியமானது என்பதை ஓர் உண்மை நிகழ்ச்சியிலிருந்து அறியலாம். இங்கிலாந்தை ஆண்ட முதலாம் வில்லியம், தம் நாட்டிலுள்ள நிலபுலன்களை 1086ஆம் ஆண்டில் கணக்கெடுக்கச் செய்தார். 'டூம்ஸ்டே புத்தகம்' எனப்படும் அந்தக் கணக்கு, ஆட்டுத்தோல் ஏடுகளில் லத்தீன் மொழியில் எழுதப்பட்டது. அதன் 900ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1986இல் பி.பி.சி. நிறுவனம் ஒரு புதிய டூம்ஸ்டே தொகுப்பை வெளியிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் பங்கு கொண்டார்கள். அவர்களில் பலர் உங்களைப் போன்ற பள்ளி மாணவர்களே. தங்கள் ஊரைப் பற்றியும் அன்றாட வாழ்க்கையைப் பற்றியும் அவர்கள் எழுதினார்கள், படங்களும் சேர்த்தார்கள். அவை யாவும் இரண்டு லேசர் வட்டுகளில் பதிக்கப்பட்டன.

அந்த வட்டுகளைப் படிக்க ஒரு தனி வகை வட்டு இயக்கி, அக்காலத்துக் கணிப்பொறி, அதற்கென்றே எழுதிய மென்பொருள் ஆகிய மூன்றும் வேண்டும். பதினைந்து ஆண்டுகளுக்குள் அக்கருவிகள் அரிதாகிவிட்டன. 900 ஆண்டுப் பழமையான தோல் ஏட்டை லத்தீன் அறிந்தவர் எவரும் படிக்கலாம். 15 ஆண்டு வயதான வட்டைப் படிப்பதோ பெரும்பாடாகிவிட்டது! 2002ஆம் ஆண்டில் லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், பழைய கணிப்பொறியைப் போலவே இயங்கும் மென்பொருள் ஒன்றைப் புதிய கணிப்பொறியில் ஓட்டி அந்தத் தொகுப்பைத் திறந்து காட்டினார்கள். அந்த உழைப்பு இல்லாவிட்டால் மாணவர்கள் எழுதியவை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஏன் இப்படி நேர்கிறது? கணிப்பொறிக் கோப்பு என்பது எண்களின் நீண்ட வரிசை. எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பது மனிதர்கள் செய்துகொண்ட ஓர் ஒப்பந்தம். ஆய்வுக்கூடத்தில் நீங்கள் '12' என்று மட்டும் குறித்துவிட்டு அலகை எழுதாமல் விட்டால், அது 12 சென்டிமீட்டரா, 12 கிராமா என்று பிறருக்குத் தெரியாது. கோப்பின் நிலையும் அதுதான். ஒப்பந்தம் ஊரறிந்ததாக இருந்தால் யாரும் படிக்கலாம். ஒரே ஒரு நிறுவனத்துக்கு மட்டும் தெரிந்ததாக இருந்தால், அந்த நிறுவனம் கைவிடும் நாளில் உங்கள் எழுத்து வெறும் எண்களாகிவிடும்.

தமிழர்களாகிய நமக்கு இது புதிய தொல்லை அன்று. ஒரு பைட்டில் 256 வெவ்வேறு எண்களையே குறிக்கலாம். 1990களில் தமிழ் எழுத்துருக்களைச் செய்தவர்கள் அந்த இடங்களில் தமிழ் எழுத்துகளை ஆளுக்கொரு வரிசையில் அமர்த்தினார்கள். ஒருவருக்கு 'அ' ஆன எண், இன்னொருவருக்கு 'கு' ஆயிற்று. அந்நாளில் எங்கள் கல்லூரியில் தட்டச்சு செய்த வினாத் தொகுப்பு ஒன்றை அண்மையில் திறந்தோம். ஆங்கில எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் தாறுமாறாகக் கலந்து வந்தன. கோப்பு பழுதாகவில்லை, அதை எழுதிய எழுத்துரு எங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வாக வந்ததே யூனிகோடு. 1991இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருந்தது. அதன்படி 'அ' என்பதன் எண் 2949. 'க' என்பதன் எண் 2965. சென்னையானாலும் டொராண்டோவானாலும் இந்த எண்கள் மாறா. 2010இல் தமிழ்நாடு அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணையிட்டது. இந்த ஒப்பந்தம் எவருடைய பூட்டிய பெட்டியிலும் இல்லை. யாரும் எடுத்துப் படிக்கலாம்.

"அப்படியானால் காசு கொடுத்து மென்பொருள் வாங்கவே கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நான் அவ்வாறு சொல்லவில்லை. உழைத்து உருவாக்கியவர்களுக்கு விலை கொடுப்பது நியாயமே. இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நல்லது என்றும் சொல்ல மாட்டேன். இலவச இணையச் சேவைகள் பல மூடப்பட்டிருக்கின்றன. நான் பார்ப்பது விலையை அன்று. வெளியேறும் வாசல் இருக்கிறதா என்பதையே. திறந்த ஆவண வடிவம் 2006இலும், பி.டி.எஃப். வடிவம் 2008இலும் சர்வதேசத் தரங்களாயின. இத்தகைய பொது வடிவங்களில் சேமிக்க விடும் மென்பொருள் எதுவானாலும், விலை உள்ளதோ இல்லாததோ, தயங்காமல் பயன்படுத்துங்கள். சேமிக்க விடாததை, அது எவ்வளவு அழகாக இருந்தாலும், முக்கியமான வேலைக்கு நம்பாதீர்கள்.

எளிய எழுத்துக் கோப்பில் படங்களையோ சிக்கலான சமன்பாடுகளையோ வசதியாக வைக்க முடியாது என்பதும் உண்மை. எனவே வசதியான மென்பொருளிலேயே வேலை செய்யுங்கள். முடிந்ததும் பொது வடிவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

இப்போது ஒரு சிறு சோதனை. எளிய எழுத்துச் செயலி ஒன்றில் 'அம்மா' என்று மட்டும் தட்டி, யூ.டி.எஃப்.-8 முறையில் சேமியுங்கள். கோப்பின் அளவைப் பாருங்கள்: 15 பைட்டு இருக்கும். (சில செயலிகள் தொடக்க அடையாளம் ஒன்றைச் சேர்ப்பதால் 18 வரலாம்.) அ, ம், மா என மூன்று எழுத்துகளுக்கு 15 பைட்டு ஏன்? அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து குறிகள். ஒவ்வொன்றுக்கும் 3 பைட்டு. அதே சொல்லை ஓர் ஆவணச் செயலியில் தட்டிச் சேமித்து அளவை ஒப்பிடுங்கள். பிறகு அந்த இரண்டு கோப்புகளையும் வேறொரு கணிப்பொறியில், வேறொரு மென்பொருளைக் கொண்டு திறந்து பாருங்கள். எந்த மென்பொருளை நம்பலாம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.